ரீப்போவுக்குக் கீழே ஒரு புவிநடுக்கம்

“…அதால பெடியனில பிழை சொல்ல ஏலாது பிள்ளை, எங்கட ரீப்போதான் சின்னனாப் போச்சுது,” என்று சபாரத்தினத்தார் சொல்லி முடித்தபோது, நான் நெடுங்கேணியில் அவருடைய வீட்டு முற்றத்தில், தலைமயிரில் பயத்தம் பணியாரத் துகளோடும் சேட்டுக் கொலரில் தேத்தண்ணிக் கறையோடும் நின்றுகொண்டிருந்தேன். பிழை சொல்ல ஏலாத அந்தப் பெடியன் நான்தான். (வயது முப்பத்திநாலு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடியும்வரை ஆம்பிளை பெடியன்தான். நரைத்தாலும் பெடியன்தான்.) ரீப்போ என்பது விருந்தாளிகளுக்குத் தேநீர் வைக்கும் குட்டி மேசை. அதற்கும் எனக்கும் அன்று நடந்ததை நான் மறக்கப் பார்த்தாலும் மறக்க விடமாட்டார்கள். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

முழுதாகப் படித்தவன் யோசிப்பான். படியாதவன் கேட்பான். பாதி படித்தவன் விளங்கப்படுத்துவான். நான் விளங்கப்படுத்துகிற சாதி. ஓமந்தையில் ஒரு தகரக் கொட்டிலில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் ரியூசன் நடத்தினேன். எனக்கு அந்தப் பாடத்தை ஒருவரும் ஒழுங்காகப் படிப்பித்ததில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அட்டை இல்லாத ஒரு பழைய புத்தகம் கையில் அகப்பட்டது. அதைப் படித்தேன், பிறகு அதைப் படித்த மமதையில் உலகத்தையே படித்துவிட்டதாக நினைத்தேன். சலூனுக்குத் தலைமயிர் வெட்டப் போனாலும் கக்கத்தில் உலகப்படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போவேன். பசுபிக் சமுத்திரத்தின் ஆழமான இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். புளியங்குளம் சந்தியில் இறக்கிவிட்டால் வவுனியா பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கச்சான் விற்கிற மனிசியிடம் கேட்பேன்.

பெடியள் எனக்கு ‘குளோப்பு’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். என் அறிவைப் பாராட்டி வைத்தது என்று நெடுநாள் பெருமையாகத் திரிந்தேன். தொட்டுவிட்டால் தன்பாட்டுக்குச் சுத்திக்கொண்டே நிற்கும், நிப்பாட்ட ஏலாது என்பதற்காக வைத்ததாம்.

இந்த வாயால் எனக்கு வந்த சம்பந்தங்கள் வந்த வழியே போயின. ஒரு வீட்டில், சுவரில் தொங்கிய கலண்டரில் இலங்கைப் படத்துக்கு மன்னார்த் தீவு விடுபட்டுப் போனதைக் கண்டு, பெண்ணைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வீட்டில், கிணறு வெட்டிய இடம் பிழை என்று பெண்ணின் தகப்பனுக்குப் பாறைப் படைகளைப் பற்றி விளக்கினேன். அந்த மனிதர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைத்தான் அப்போது எனக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

தாய் தகப்பன் இல்லாத எங்கள் வீட்டில் என்னை வளர்த்தது பெரியக்கா. சொல்லுக்குச் சொல் சுண்டிவிடுகிற வாய் அவவுக்கு. “கடவுள் உனக்கு வாய் வைக்கிற இடத்தில வாசல் வைச்சிட்டான்ரா, கதவு வைக்க மறந்திட்டான்,” என்பா. நெடுங்கேணிச் சம்பந்தம் வந்தபோது பஸ்ஸிலேயே சொல்லிவிட்டா:

“இஞ்சை பார். இதுதான் கடைசி. இதுவும் சரிவரேல்லை எண்டால் இனி உனக்காக நான் ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டன். கேட்டால் ஓம், கேக்காட்டிச் சிரிப்பு. விளங்கிச்சோ?”

“விளங்கிச்சக்கா. ஆனா ஒரு விசயம்…”

“இந்தா, துவங்கிட்டான்!”

வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்குப் பயந்து மட்டுமல்ல. அந்த வீட்டுப் பிள்ளை வதனியின் படத்தை நான் பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்திருந்தேன். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை. படத்தில் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. இந்தப் பிள்ளை வேண்டும் என்று மனம் சொல்லிவிட்டது. மனம் சொன்னதை வாய் கெடுக்காமல் இருந்தால் போதும்.

வதனியின் தகப்பன் சபாரத்தினத்தாருக்குச் சொந்தத்தில் தளபாடப் பட்டறை. கட்டில், அலுமாரி, கதவு, நிலை எல்லாம் செய்வார். “நான் செய்த கதவை ஆனை முட்டினாலும் ஆனைக்குத்தான் தலையிடி” என்று தன் வேலையைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளுகிற மனிதர். காதில் செருகிய பென்சிலோடுதான் எங்களை வரவேற்றார். வதனியின் தாய் வாசலில் நின்றபடி, “வாங்கோ, வாங்கோ, வெய்யிலுக்குள்ள வந்திருக்கிறியள்,” என்று அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. மூலையில் சாய்மனைக் கதிரையில் வதனியின் பெரியப்பா, கால் ஏலாதவர், காதும் மந்தம். வேறு ஆட்களில்லை. அளவான குடும்பம், அளவான வீடு, அளவான கதை. எல்லாம் நல்லாய்த்தான் போனது.

வதனி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ரீப்போவில் வைத்தாள். பக்கத்தில் உளுந்து வடை, கதலிப்பழம், பயத்தம் பணியாரம். நான் ஓம் என்றேன், சிரித்தேன், மறுபடி ஓம் என்றேன். அக்காவின் முகத்தில் கோயில் விளக்கு ஏற்றினதுபோல ஒரு வெளிச்சம்.

அப்போதுதான் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன.

தேத்தண்ணியின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடியது. உள்ளங்காலுக்குள் ஏதோ உருண்டது. ஒரு கணம் கழித்து, தூரத்தில், நிலத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு ‘தும்’.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன சத்தமென்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். வன்னிச் சனத்தின் காது அந்தப் பாடத்தில் மட்டும் எல்லாத்துக்கும் ‘ஏ’ எடுத்த காது. என் காதும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். ஆனால் காது சொன்னதை நான் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கிழமைதான் பிள்ளைகளுக்குப் புவிநடுக்கப் பாடம் முடித்திருந்தேன். முதன்மை அலை முதலில் வரும், மற்ற அலை பின்னால் வரும் என்று பலகையில் நெளிநெளியாகக் கீறிக் காட்டியிருந்தேன். (அதே பாடத்தில், இலங்கை புவித்தகட்டின் விளிம்பில் இல்லை, உள்ளுக்குத் தள்ளி இருக்கிறது, அதனால் பெரிய நடுக்கம் வருவது அருமை என்றும் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பகுதி அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பரீட்சையில் பெடியள் இப்படி மறந்தால் காதைத் திருகுவேன்.)

“புவிநடுக்கம்!” என்று கத்தினேன். “தலையைக் காப்பாத்துங்கோ!”

பாடத்தில் உள்ளபடி, பலமான மேசைக்குக் கீழே போக வேண்டும். எனக்கு முன்னால் இருந்தது ரீப்போ. போனேன். தலை போனது, ஒரு தோளும் போனது. மிச்சமெல்லாம் வெளியே நின்றது. அதாவது, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் எந்தப் பக்கத்தைப் பெண் வீட்டார் முதல் நாளில் பார்க்கக் கூடாதோ, அந்தப் பக்கம் முழுதும் சபை நடுவில் நின்றது.

ஆட்டம் நின்றதும் எழும்பினேன். ரீப்போவும் எழும்பியது. அது தன் கால்களுக்கிடையில் என் கழுத்தை மாட்டிக்கொண்டு, வடையையும் பழத்தையும் சொரிந்தபடி, தேத்தண்ணியை அக்காவின் புதுச்சேலையில் ஊற்றியபடி, கிரீடம்போல என்னோடு நிமிர்ந்தது. சபாரத்தினத்தார்தான் வந்து, கதவுப் பிணைச்சலைக் கழற்றுகிற பக்குவத்தோடு அதைக் கழற்றினார்.

“தம்பி, காயம் ஒண்டுமில்லையே?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கேதான் நான் கெட்டேன். சிரித்திருந்தால் விளங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் முதல் நாளில் மாப்பிள்ளை வீட்டாரின் சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை காகத்தை வெள்ளை என்றால், “ஓம், இண்டைக்குக் குளிச்சிட்டு வந்திருக்குப் போல” என்று சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. அவர்களுடைய மரியாதையை நான் பயம் என்று வாசித்தேன். பயந்த சனத்தைக் கண்டால் என்னைப் போன்றவனுக்கு விளங்கப்படுத்தாமல் இருக்க முடியுமா?

“ஒருத்தரும் உள்ளுக்கை நிக்கப்படாது,” என்றேன். “பின்னதிர்வு வரும். எல்லாரும் வெளியில வெட்டைக்கு வாங்கோ.”

வதனியின் தாய் சபாரத்தினத்தாரைப் பார்த்தா. அவர், சிங்கத் தலை வைத்த கட்டில்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் திறந்து, “ஓம் தம்பி, வாறம்,” என்றார்.

பெரியப்பாவைச் சாய்மனைக் கதிரையோடு தூக்கினோம். அவர் கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்:

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை, அண்ணை,” என்றார் சபாரத்தினத்தார்.

“அப்ப ஏன் என்னைத் தூக்கிறியள்?”

முற்றத்தில் நல்ல மாமரம் ஒன்று நிழல் விரித்து நின்றது. அதன் கீழ் கதிரையை வைக்கப் போனவர்களைத் தடுத்தேன். மரம் விழலாம் என்று பாடத்தில் உண்டு. நடு வெய்யிலில், மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால், ஒரு குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்தேன். வதனியின் தாய் சேலைத் தலைப்பால் பெரியப்பாவின் மொட்டந்தலையை மூடினா. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அம்மி கொதிக்கும். ஆனால் அவவும் மாப்பிள்ளை வீடு அல்லவா, என்னை விட்டுக்கொடுக்க ஏலாமல், “தம்பி உதெல்லாம் படிச்சவன்,” என்று பொதுவாக ஒரு சொல் சொல்லி வைத்தா.

அது போதும் எனக்கு. வீட்டைத் திரும்பிப் பார்த்துக் கை நீட்டினேன்.

“இப்பிடியான வீடுகள்தான் முதலில விழும். அந்த முகட்டு வளை மரத்தைப் பாருங்கோ. ஒரு ஆட்டத்துக்குக் காணாது.”

சபாரத்தினத்தாரின் முகம் அப்போதுதான் முதன்முறையாக மாறியது.

“அது முதிரை, தம்பி.”

“முதிரையா இருந்தாலென்ன? இயற்கைக்கு முன்னால மரம் என்ன செய்யும்?”

“அது நான் ஏத்தினது.”

இங்கே ஒரு அறிவுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் தடி ஒன்றை எடுத்தேன்.

மணலில் இலங்கைப் படம் கீறினேன். மாங்காய்போல வந்தது. (யாழ்ப்பாணத்தைக் காம்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.) நடுக்கம் எங்கே தொடங்கியதென்று கண்டுபிடிக்க மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும், மூன்று வட்டமும் வெட்டுகிற இடம்தான் மேல்மையம் என்று விளக்கினேன். மூன்று நிலையத்துக்கு நான் எங்கே போவேன்? மூன்று ஆட்களைக் கேட்டேன்.

“மாமி, உங்களுக்கு எந்தப் பக்கத்தால ஆடினது?”

“நான் குசினிப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான் தம்பி,” என்றா வதனியின் தாய். குசினிப் பக்கம் ஒரு வட்டம் போட்டேன்.

சபாரத்தினத்தார் வேண்டாவெறுப்பாகக் காட்டுப் பக்கம் கைகாட்டினார். அங்கே ஒரு வட்டம்.

“பெரியப்பா, உங்களுக்கு?”

“எனக்கு ரெண்டு நாளா வயித்துக்குள்ள,” என்றார்.

அதற்கும் ஒரு வட்டம் போட்டேன். மூன்றும் வெட்டிய இடம் கோழிக்கூடு. தடியை அதன்மேல் ஊன்றி, “இதுக்கு நேர கீழதான் குவியம்,” என்றேன். அந்தக் கூட்டில் கோழிகள் இருக்கவில்லை. அவை திறந்து கிடந்த வீட்டுக்குள் போய், எங்களுக்குச் சுட்ட வடையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை சொல்லாமல் உள்ளே போய்த் துரத்துவது மரியாதையில்லை என்று ஒருவரும் அசையவில்லை.

அந்த நேரம், மறுபடியும் உள்ளங்காலுக்குள் உருண்டது. கோழிகள் செட்டையடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. பிறகு ‘தும்’.

நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் பல்லுக் கூசும். நிலநடுக்கம் வந்ததற்குச் சந்தோசப்பட்டு, கோயில் திருவிழாவில் தேர் அசைந்ததுபோலக் கையைத் தூக்கிய மடையன் நானாகத்தான் இருப்பேன்.

“பாத்தியளோ! நான் சொன்னனானோ இல்லையோ? பின்னதிர்வு!”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வையில், பாவம், சின்னதாக ஒரு பெருமை இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் நோகிற இடம்.

வதனி அதுவரை மாட்டுக்கொட்டிலின் மரக் கப்பில் சாய்ந்து நின்றாள். இப்போது கேட்டாள்:

“சேர், பின்னதிர்வு நேரம் குறிச்சு வாறதோ?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது, பிள்ளை,” என்றேன் பெருந்தன்மையாக. “அது விஞ்ஞானிமாருக்கே பிடிபடாத விசயம்.”

“இல்லை, இனி ஒண்டுதான் மிச்சம். அதுவும் வெடிச்ச பிறகுதான் மாடுகளை அவிட்டு விடலாமாம். காலமை கண்ணிவெடி எடுக்கிறவை ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு போனவை. எடுத்ததுகளைக் காட்டுக்கை வைச்சு மூண்டு தரம் வெடிக்க வைக்கினமாம்.”

“வதனி!” என்று தாய் அதட்டினா.

மாடு ஒன்று சாணம் போட்டது, அதுகூடத் தெளிவாகக் கேட்டது. அந்த அமைதியில் காது மந்தமான பெரியப்பாவுக்கு மட்டும் எப்படியோ எல்லாம் கேட்டிருக்கிறது.

“அப்ப உவருக்குத் தெரியாதோ?” என்றார் உரத்த குரலில். “நான் நினைச்சன் தெரிஞ்சுதான் பூந்தவர் எண்டு!”

முதலில் வதனியின் தாய் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டா. பிறகு பெரியப்பா இருமினார். அது இருமல் இல்லை. வதனி கொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. படத்தில் ஒளித்து வைத்திருந்த சிரிப்பு இதுதான் என்று தெரிந்துகொண்டேன். நான் அதைக் கேட்க ஆசைப்பட்டது உண்மை, இந்தக் காரணத்துக்கு அல்ல.

“இருந்தாலும்,” என்றேன் நான். (ஓம், அப்போதும் வாய் மூடவில்லை.) “விஞ்ஞான ரீதியாப் பாத்தா, வெடியும் ஒரு செயற்கையான…”

“வாயைப் பொத்து,” என்றா அக்கா.

மானம்கெட்ட செய்திக்குக் கால் அதிகம். நாங்கள் ஓமந்தைக்குத் திரும்ப முன்னமே கதை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வகுப்புக்குப் போனால், கரும்பலகைக்குக் கீழே ஆரோ பிள்ளைகளின் விளையாட்டு மேசை ஒன்றை வைத்து, ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’ என்று சோக்கால் எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் நெடுங்கேணிச் சந்தையில் மணல் ஏற்றின ரிப்பர் லொறி ஒன்று பள்ளத்தில் விழுந்து எழும்பிக் கடை அதிர்ந்தால், “மாஸ்டர், பக்கத்தில மேசை இருக்கோ?” என்று மீன் வெட்டுகிறவர்கள் கேட்பார்கள். கலியாண வீடுகளில் பந்தி இருந்தால், எனக்குச் சோறு போடுகிறவன் கட்டாயம் ஒருமுறை மேசையைத் தட்டிக் காட்டி, “பலம்தான், பயப்பிடாமச் சாப்பிடுங்கோ” என்பான். வடக்குத் தெற்குத் தெரியாதவனெல்லாம் என்னிடம் பின்னதிர்வைப் பற்றி விசாரிக்கிறான். நியாயம்தான். அவர்களை நான் வெய்யிலில் நிற்கவைக்காதது ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் அன்று அந்த முற்றத்தில் எனக்கு ஊர்ச் சிரிப்பைப் பற்றிய கவலை இல்லை. அக்கா ஈரச் சேலையைக் கையால் பிழிந்துகொண்டு, சபாரத்தினத்தாருக்கு முன்னால் போய் நின்றா. எல்லாருக்கும் மறுமொழி வைத்திருக்கிற அவவின் குரல் அப்போது உடைந்திருந்தது.

“குறை நினையாதேங்கோ அண்ணை. தாய் தகப்பன் இல்லாம நான் வளத்த பிள்ளை. வாய்தான் இப்பிடி, மனசில ஒண்டும் இல்லை. அந்த வளையைப் பற்றிச் சொன்னதையும் மறந்திடுங்கோ. நாங்கள் வெளிக்கிடுறம்.”

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. பாடத்தில் அதற்கும் ஒரு படம் உண்டு. நான் வதனி நின்ற பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் இந்தப் பிள்ளையைத் தாருங்கோ என்று கேட்டுவிடுவேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று என் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கே விளங்கியது.

சபாரத்தினத்தார் முகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திறந்த கதவுக்குள்ளால், கால் ஒன்று ஆடிப்போய்க் கிடந்த ரீப்போவைப் பார்த்தார்.

“வளை விழேல்லைத்தானே,” என்றார். “ரெண்டுக்கும் நிண்டது. அது கிடக்கட்டும். அவற்ற புத்தகத்தில பலமான மேசைக்குக் கீழ போகச் சொல்லிக் கிடக்கு. மனிசன் போயிருக்கிறார். பொய்க்குப் போகேல்லை, நம்பிப் போயிருக்கிறார். அதால பெடியனில பிழை சொல்ல ஏலாது பிள்ளை, எங்கட ரீப்போதான் சின்னனாப் போச்சுது.”

அது நக்கலா, மன்னிப்பா, மனிதர் வேலையைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவர் என் முன்னால் வந்தார். “தம்பி, குந்துங்கோ,” என்றார். குந்தினேன். “உள்ளுக்கை போன மாதிரிக் குனியுங்கோ.” குனிந்தேன். கட்டியிருந்த சாரத்து மடிப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நிலத்திலிருந்து என் முதுகின் உயரம்வரை வைத்துப் பார்த்தார்.

மூன்றாவது வெடி அப்போதுதான் வெடித்தது. காலுக்குக் கீழே மண் உருண்டது.

“ஆடாதேங்கோ தம்பி, புது ரீப்போவின்ர அளவு பிழைச்சிடும்.”

நான் ஆடவில்லை. நாடாவை எடுத்து என் தோளுக்குக் குறுக்கே, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை பிடித்தார். அப்படியே பிடித்தபடி தலையைத் திருப்பி, கொட்டில் கப்போடு நின்ற மகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வதனி முகத்தைத் திருப்பவில்லை.

அவர் நாடாவை இன்னும் ஒரு ஆளின் அகலத்துக்கு இழுத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து, உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.